வைரக்கண்ணு மடித்த வெற்றிலை

"அந்த அட்டையில எங்கப்பா பேரைப் போடுங்க சார்."

கேட்டுவிட்டேன். வேறு எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் அந்த வீட்டில் கேட்டுவிடாதே என்று அம்மா படித்துப் படித்துச் சொன்னதைத்தான் கேட்டேன்.

இனியவன் சார் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினார். "எந்த அட்டை?"

"ஊஞ்சல் கூடத்துல, வெத்தலைச் செல்லத்துக்குப் பக்கத்துல இருக்கிறது."

"அப்பா பேரு?"

"வைரக்கண்ணு."

சிரித்தார். "என்னம்மா, கோயில் ட்யூப்லைட்ல எழுதுவாங்களே, அந்த மாதிரியா? உபயம் வைரக்கண்ணு?"

"உபயம் இல்ல சார். அந்தக் கதையே அவருது."

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு என்னைப் பார்த்தார். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது, ஆனால் அதற்கு வேலை போய்விட்டது.

அந்த வீடு இப்போது ஒரு ஹோட்டல். திருவிடைமருதூருக்கு வடக்கே, காவிரிக் கரையில் இருக்கிறது. பழைய பண்ணை வீடு. வாரிசுகள் ஆளுக்கொரு தேசத்தில் இருந்ததால் விற்றார்கள். இனியவன் சார் வாங்கி, ஓடு மாற்றி, பன்னிரண்டு அறைகள் ஆக்கினார். சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆட்கள் வந்து தங்குவார்கள். தினமும் மாலை ஆறு மணிக்கு ஊஞ்சல் கூடத்தில் அரை மணி நேரம் ஒரு பேச்சு உண்டு. 'சின்னச் சுகங்கள்' என்று பெயர். அந்தக் காலத்துப் பெரிய வீடுகளில் காபி எப்படி வந்தது, பன்னீர் எப்படித் தெளித்தார்கள், ஊஞ்சலில் யார் எப்போது ஆடினார்கள். சொல்பவள் நான். செந்தாமரை, எம்.ஏ. வரலாறு. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பையே முதலில் தாண்டியவள் நான்தான்.

வேலையை ரசித்துத்தான் செய்தேன். என்னைப்போலக் கோபக்காரிக்கு ரசனை இருக்காது என்று யார் சொன்னது? பரணில் கிடந்த பெட்டியில் பழைய கடிதங்கள் இருந்தன. மூன்று மாதம் உட்கார்ந்து படித்தேன். இந்த வீட்டுக்குக் காபி முதலில் மருந்தாகத்தான் வந்திருக்கிறது. பெரியவருக்குத் தலைவலி, காலையில் அரை டம்ளர் குடிக்கலாம் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். அடுத்த வருடக் கடிதத்தில் வீட்டில் பதினோரு பேருக்குத் தலைவலி. ஒரு கல்யாணத்துக்கு நாகப்பட்டினத்திலிருந்து ரயிலில் ஐஸ் கட்டி வரவழைத்திருக்கிறார்கள், மரத்தூளில் பொதிந்து. வந்து சேரும்போது உள்ளங்கை அளவுதான் மிஞ்சியது. அதை ஒரு வெள்ளித் தட்டில் வைத்துச் சம்பந்திகளுக்குக் காட்டினார்களாம். காட்டி முடிப்பதற்குள் தண்ணீர். அந்தத் தண்ணீரை யார் குடிப்பது என்று சண்டை. இதையெல்லாம் நான் சொல்லும்போது ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும்தான்.

வெற்றிலைச் செல்லத்துக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. வெள்ளிப் பெட்டி, மூடியில் கிளி. எந்தக் கடிதத்திலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. மறுநாள் முதல் குழு வருகிறது. "ஏதாவது ஒரு மனுஷக் கதை வேணும் செந்தாமரை, சும்மா பொட்டின்னா எவன் பாப்பான்?" என்றார் இனியவன் சார். வேலைக்குச் சேர்ந்த நான்காவது மாதம். நல்ல பெயர் வாங்க வேண்டும் என்ற வெறி. அன்று மாலை உட்கார்ந்து எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று அச்சடிக்காமல் அப்படியே சட்டம் போட்டு வைத்தார்கள்.

"பண்ணையார் நாள்தோறும் விளக்கு வைக்கும் வேளையில் இந்த ஊஞ்சலில் அமர்ந்து, தம் மனைவிக்குத் தாமே வெற்றிலை மடித்துக் கொடுப்பார். அம்மையாரின் விரல்களில் மருதாணி இருக்கும்; அவர் எதையும் தொட இயலாது. காம்பு கிள்ளி, நரம்பு உரித்து, சுண்ணாம்பு தடவி, மூன்று மடிப்பாக மடித்துப் பண்ணையாரே ஊட்டுவார். அந்த நேரத்தில் இருவரும் ஒரு வார்த்தையும் பேசிக்கொள்வதில்லை."

பேசிக்கொள்ளவில்லை என்பது மட்டும்தான் நான் கற்பனை செய்தது. மிச்சமெல்லாம் நடந்தது. ஊஞ்சலில் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டு வாசலில் நடந்தது. அம்மா செவ்வந்தி நடவுக்குப் போவாள். நடவு என்றால் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை விரல் சேற்றில்தான். பத்து நாளில் விரல் இடுக்கெல்லாம் வெந்துபோய், தோல் வெள்ளையாக உரிந்து, உள்ளே சிவப்புத் தெரியும். சேத்துப்புண். அதற்கு மருந்து மருதாணிதான். வாய்க்கால் ஓரம் வேலியில் இருக்கும். பறித்து அம்மியில் வைத்து மை மாதிரி அரைத்து, கை விரல் இடுக்கிலும் கால் விரல் இடுக்கிலும் அப்பிக்கொள்வாள். அப்பிக்கொண்டு நிலைப்படியில் சாய்ந்து, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, யாரோ தங்கள் கைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனமாதிரி உட்கார்ந்திருப்பாள்.

ஆனால் வெற்றிலை போட்டாக வேண்டும். நாள் முழுக்கக் குனிந்த உடம்புக்கு அது இல்லாவிட்டால் தூக்கம் வராது. புண்ணில் சுண்ணாம்பு பட்டால் உயிர் போய்விடும்.

அதற்குத்தான் அப்பா.

அவரும் வயலிலிருந்துதான் வருவார், நாற்றுப் பறித்துவிட்டு. ஆனால் வந்த கையோடு தொடமாட்டார். வாய்க்காலில் குளித்து, தலைக்கு ஒரு சொட்டு எண்ணெய் வைத்து, படிய வாரி, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து எதிரே உட்காருவார். வெற்றிலை மடிக்க எதற்குச் சட்டை என்று ஒருநாள் கேட்டேன். "உங்கம்மா முன்னாடி உட்கார்றேன்ல" என்றார்.

ஈரத்துணியைப் பிரித்து வெற்றிலையை ஒவ்வொன்றாக எடுத்து, பல்பு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார். ஓட்டை இருந்தால் ஒதுக்கிவிடுவார், அது அவருக்கு. கொழுந்து அம்மாவுக்கு. துண்டில் இரண்டு பக்கமும் துடைத்து, காம்பைக் கிள்ளி, முதுகு நரம்பை நகத்தால் மெதுவாக உரிப்பார். அது முழுசாக, அறுந்துபோகாமல் வர வேண்டும். வராவிட்டால் அந்த இலையும் அவருக்குத்தான். பிறகு சுண்ணாம்பு, பாக்கு, ஒரு மடிப்பு, இரண்டு, மூன்று. கட்டை விரலால் ஒரு அழுத்து.

"ஆ" என்பார்.

"ஏன், பல்லு பாக்கப் போறியா?"

"கடிச்சிராத, நேத்தே கடிச்ச."

"கடிச்சா என்ன பண்ணுவ?"

"நாளைக்கு நீயே மடிச்சுக்க."

"மடிச்சுக்கிறேன். எனக்கென்ன கையா இல்ல?" என்று நீட்டிய கைகளைக் காட்டிச் சிரிப்பாள். தினமும் இதே பேச்சு. ஒரு எழுத்து மாறாது. வாய் சிவக்கச் சிவக்க ஊர்க்கதை ஓடும், யார் வீட்டு மாடு கன்று போட்டது, யார் மகன் துபாயிலிருந்து என்ன கொண்டுவந்தான் என்று. "எனக்கும் ஒண்ணு" என்று நான் கை நீட்டினால், "படிக்கிற புள்ளை போட்டா மாடு முட்டும்" என்று காம்பை மட்டும் தருவார்கள். அந்தக் காம்பைக் கடித்துக்கொண்டுதான் வாய்ப்பாடு படித்தேன். லேசாகக் காரும். இன்றைக்கும் எங்காவது வெற்றிலைக் காம்பு வாசனை வந்தால் எனக்கு ஏழாம் வாய்ப்பாடு ஞாபகம் வரும்.

நான் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது அப்பா போய்விட்டார். மூன்று நாள் காய்ச்சல். அதற்குள் எங்கள் பக்கம் நடவு மெஷினும் வந்துவிட்டது. இப்போது அம்மாவுக்குச் சேத்துப்புண் இல்லை. அந்தக் காலம் போய்விட்டதே என்று நான் ஒன்றும் உருகமாட்டேன், அந்தப் புண்ணை நான் பக்கத்திலிருந்து பார்த்தவள். அம்மா இப்போது தானே மடித்துப் போட்டுக்கொள்கிறாள். நரம்பு உரிப்பதில்லை.

கதை ஓடியது. நான் நினைத்ததைவிட அதிகமாக ஓடியது. பெங்களூரிலிருந்து வந்த ஒரு பெண் நான் பேசியதை வீடியோ எடுத்துப் போட, லட்சக்கணக்கில் பார்த்தார்கள். அதற்காகவே புதுசாகக் கல்யாணமானவர்கள் வர ஆரம்பித்தார்கள். இனியவன் சார் சனிக்கிழமைகளில் 'மருதாணி மாலை' என்று ஒன்று ஏற்பாடு செய்தார். மனைவிகளுக்கு மருதாணி வைத்துவிடுவார்கள். கணவர்கள் ஊஞ்சலில் உட்கார்ந்து வெற்றிலை மடிக்க வேண்டும். முக்கால்வாசிப் பேருக்கு மடிக்க வராது. பொட்டலம் கட்டுகிறமாதிரி கட்டுவார்கள்.

பிறகு ஒருநாள் பண்ணையாரின் பேரன் அமெரிக்காவிலிருந்து இனியவன் சாருக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். எங்கள் மேனேஜர் ஷமீரா அக்கா எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். "வீடியோ பாத்தேன். கண்ணு கலங்கிடுச்சு. தாத்தா அப்படித்தான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பாட்டி கையில அந்த மருதாணி வாசனைகூட இப்ப வருது."

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் நாலாவது மாதத்தில் எழுதிய பொய் ஒருவருக்கு ஞாபகமாகவே முளைத்துவிட்டது.

வீட்டுக்குப் போய்ப் படுத்தபோதுதான் சிரிப்பு நின்றது. அப்பாவை நினைத்துப் பார்த்தேன். வந்தார். சட்டை போட்டிருந்தார், தலை வாரியிருந்தார், வெற்றிலையை வெளிச்சத்தில் பிடித்திருந்தார். ஆனால் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். இறக்கிவிடப் பார்த்தேன். எங்கள் நிலைப்படியை நினைவுக்குக் கொண்டுவந்து அதில் உட்கார வைத்தேன். மறுபடியும் ஊஞ்சலில் போய் உட்கார்ந்தார். இருநூறு தடவை நான் அந்தக் கதையைச் சொல்லியிருப்பேன். இருநூறு தடவையும் என் கண் முன்னால் ஊஞ்சல் இருந்தது. பேரனுக்கு நடந்ததுதான் எனக்கும் நடந்துகொண்டிருந்தது. அவருக்கு இல்லாத ஞாபகம் ஒன்று கிடைத்தது. எனக்கு இருந்தது ஒன்று போய்க்கொண்டிருந்தது.

இந்தப் பொங்கலுக்கு ஊழியர் குடும்பங்களை ஹோட்டலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அம்மாவை அழைத்துப் போனேன். சாப்பாடு முடிந்ததும் ஷமீரா அக்காதான் எல்லோரையும் கூடத்துக்குக் கூட்டிப்போய், "இதுதாங்க நம்ம ஃபேமஸ் ஊஞ்சல்" என்று கதையைச் சொன்னார். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டாள். ஊஞ்சலைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

கும்பகோணம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"உங்கப்பாவை எதுக்குடி அந்த ஊஞ்சல்ல தூக்கி உக்கார வெச்ச? அவருக்கு ராட்டினமே ஆகாது. தலை சுத்தும்."

"அம்மா..."

"மருதாணியை வெச்சுக்கிட்டு புண்ணை மட்டும் எடுத்துட்ட. கெட்டிக்காரிதான்."

"அவர் பேரைப் போடச் சொல்றேம்மா. நாளைக்கே கேக்குறேன்."

அப்போதுதான் என் கையைப் பிடித்தாள். "அதை மட்டும் கேட்டுறாத. பேரைச் சொன்னா எந்த ஊரும்பாங்க. ஊரைச் சொன்னா எந்தத் தெருவும்பாங்க. ஏதோ நெழல்ல நின்னு வேலை பாக்குற. அது போதும் எனக்கு."

"உனக்கு வருத்தமா இல்லையா?"

"வருத்தம் என்ன வருத்தம். அந்தப் பண்ணையாரு கொட்டாவி விட்டாக்கூட வாய்க்கு முன்னாடி சொடுக்குப் போட ஆள் வெச்சிருந்தவரு. அவரு மடிச்சாராம்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

இவ்வளவையும் இனியவன் சாரிடம் சொல்லவில்லை. பாதி சொன்னேன். புண், சுண்ணாம்பு, அப்பா. அவர் பொறுமையாகக் கேட்டார். ஷமீரா அக்காவும் ஏதோ சாவி வாங்க உள்ளே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அப்ப நீங்க எழுதினது பொய்யா?" என்றார் சார்.

"ஆமா சார்."

"நான் எழுதச் சொன்னேனா?"

"இல்ல. கதை வேணும்னீங்க. நான்தான் எங்க வீட்லேர்ந்து திருடிக் கொடுத்தேன். அதான் நானே வந்து கேக்குறேன்."

"இப்ப மாத்துனா என்ன ஆகும் தெரியுமா? இத்தனை நாள் ஏமாத்தினாங்கம்பாங்க. அந்தப் பேரனே சர்ட்டிஃபை பண்ணிட்டாரு."

"அவரு பொறந்தப்ப அவங்க பாட்டி உயிரோடவே இல்ல சார். கடிதம் இருக்கு, காட்டட்டுமா?"

ஷமீரா அக்கா "யா அல்லாஹ்" என்று முணுமுணுத்தார்.

சார் எழுந்து வந்து மேஜை விளிம்பில் சாய்ந்துகொண்டார். குரலை இறக்கினார். "சரி, ஒண்ணு செய்வோம். பின்கட்டுல பழைய களஞ்சியம் இருக்கே, அங்க உழைச்சவங்களுக்குன்னு ஒரு இடம் வெப்போம். உங்கப்பா போட்டோ, அம்மா போட்டோ, நடவு, மருதாணி, எல்லாம் உங்க இஷ்டத்துக்கு எழுதுங்க. பேர் போட்டே எழுதுங்க."

"அங்க வெத்தலை உண்டா சார்?"

"புரியல."

"அங்க வேலை செஞ்சதைத்தான வெப்பீங்க? எங்கப்பா வெத்தலை மடிச்சது வேலை இல்ல. வேலை முடிஞ்சு, குளிச்சு, சட்டை போட்டுக்கிட்டு மடிச்சாரு. அது சுகம். உங்க போர்டுல எழுதியிருக்கே, சின்னச் சுகங்கள்னு, அது. அதை முன்னாடிதான் வெக்கணும்."

"கெஸ்ட் சாப்பிட உட்கார்ற நேரத்துல புண்ணு கிண்ணுன்னு பேசமுடியுமாம்மா?"

அவர் என்னையே பார்த்தார். பிறகு, ஷமீரா அக்கா நிற்பதை மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன், சொன்னார்: "எங்கம்மாவும் நாத்து நட்டவங்கதான் செந்தாமரை. நான் எங்கயாவது சொல்லிக்கிறனா? அதைச் சொல்லிக்கிட்டிருந்தா இந்த வீட்டை எனக்கு வித்திருப்பாங்களா?"

இரண்டு வருடமாக அவரிடம் வேலை செய்கிறேன். இது எனக்குத் தெரியாது. ஒரு நிமிடம் அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. அவருடைய அம்மாவுக்கு யார் மடித்துக் கொடுத்தார்கள் என்று கேட்க வாய் வந்தது. அவர் அதற்குள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்.

"ஆறாகுது. பதினாலு பேர் இருக்காங்க. முடிச்சிட்டு வாங்க, பேசுவோம்."

போனேன்.

சனிக்கிழமை. கூடத்தில் ஆறு பெண்கள் மருதாணிக் கைகளை முன்னால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஊஞ்சலில் ஒருவர், திருச்சிக்காரர், ஐம்பது வயது இருக்கும், மடியில் வெற்றிலைத் தட்டை வைத்துக்கொண்டு அசட்டுச் சிரிப்புச் சிரித்துக்கொண்டிருந்தார். காபி சொன்னேன். ஐஸ் சொன்னேன். சிரித்தார்கள். செல்லத்துக்கு வந்தேன்.

"இந்தச் செல்லத்தைப் பத்தி எந்தத் தகவலும் கிடையாதுங்க. இங்க மாட்டியிருக்கிறதை எழுதினது நான். அது தப்பு. வெத்தலை மடிச்சுக் கொடுத்தவரு பேரு வைரக்கண்ணு. நாத்துப் பறிக்கிறவரு. எங்கப்பா. அவரு மடிச்சுக் கொடுத்தது எங்கம்மாவுக்கு, பேரு செவ்வந்தி. நடவாளு. அவங்க கையில மருதாணி இருந்தது அழகுக்கு இல்ல, சேத்துப்புண்ணுக்கு."

முழுவதும் சொன்னேன். வாய்க்கால், எண்ணெய், சட்டை, பல்பு வெளிச்சம். யாரும் போன் எடுக்கவில்லை. முன்பே எடுத்திருந்தவர்களும் கீழே வைத்துவிட்டார்கள். ஒரு பெண் தன் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் கவிழ்த்து, பாவாடையெல்லாம் மருதாணி ஆக்கிக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் அப்ப பேசிக்கவே மாட்டாங்களா?" என்று கேட்டார் ஊஞ்சல்காரரின் மனைவி.

"பேசாமயா? வாயே மூடாதுங்க. எங்கம்மா தினம் விரலைக் கடிச்சிருவாங்க."

முதலில் அவர் சிரித்தார். பிறகு எல்லோரும். ஊஞ்சல்காரர் இறங்கித் தரையில், மனைவிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "நரம்பு உரிக்கிறதுன்னா எப்படிம்மா, மேலேர்ந்தா கீழேர்ந்தா?"

"காம்புப் பக்கத்துலேர்ந்துங்க. மெதுவா."

வாசல்படியில் இனியவன் சார் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. "இது... இன்னொரு வெர்ஷனுங்க" என்று ஆரம்பித்தார். "இந்த வீட்டோட ஒரிஜினல் கதை என்னன்னா..."

நான் சட்டத்தின் பின்பக்கத் தகட்டைத் தள்ளி, அட்டையை உருவினேன். நான்காய்க் கிழித்தேன். தாவணிக் காலத்துப் பெண்ணைப்போல இடுப்பில் செருகிக்கொள்ளத்தான் கை போனது. சுடிதாரில் அதற்கு வழியில்லை. கைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

"செந்தாமரை, ரூமுக்கு வாங்க. பேசலாம்."

"பேசியாச்சு சார்."

அவரைத் தாண்டி நடந்தேன். ஷமீரா அக்கா செருப்புகூடப் போடாமல் முற்றம் முழுக்கப் பின்னாலேயே ஓடிவந்தார்.

"ஏய் தாமரை, எங்கடி போற? அவரு கோவத்துல இல்லடி, நான் பேசுறேன். திங்கக்கெழமை வருவல்ல?"

"காலையில உங்க டேபிள் டிராயர்ல ஒரு கவர் வெச்சேன்க்கா. நீங்க இன்னும் தொறக்கல."

நின்றுவிட்டார். "காலைலயே ராஜினாமா எழுதிட்டியா? அப்புறம் எதுக்குடி அவருகிட்டப் போய் அவ்வளவு நேரம் கேட்டுக்கிட்டிருந்த?"

"கேக்காமப் போனா எங்கம்மா சொன்னதைக் கேட்டமாதிரி ஆயிடும்க்கா."

கேட்டைத் திறந்துகொண்டு ரோட்டுக்கு வந்தேன். கும்பகோணம் பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. ஓடினால் பிடிக்கலாம். ஓடினேன்.